ஒன்பதாம் கட்டை ஏற்றம்

ஒன்பதாம் கட்டை, மேல் லயம்
13 பெப்ரவரி 2025

மகள் பூரணிக்கு,

நாடு முழுக்கக் கரண்டு போய், அதற்கு ஒரு குரங்கைக் காரணம் சொன்னார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை கழிந்து மூன்றாம் நாள் உன் கடிதம் வந்து சேர்ந்தது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்று சனம் மயங்கி விழுந்த வருஷத்துக்கு இது மூன்றாம் வருஷம். நான் வருஷத்தை இப்படித்தான் வைத்துக்கொள்வேன். மேலே தேதி போட்டது, எனக்காக இதை எழுதுகிற கடைக்கார இஸ்ஸதீன்.

எனக்கு எழுத்து இல்லை, இப்போது காதும் இல்லை. இடது காது லொறி ஓட்டிய காலத்திலேயே போனது. வலது காது போன மழையோடு போனது. டெலிபோனில் நீ கத்தியதெல்லாம் எனக்குக் கொசு பாடியது மாதிரி இருந்தது. நல்ல வேளை, கடிதம் எழுதத் தொடங்கினாய். கடையில் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, வலது காதுப் பக்கம் குனிந்து இஸ்ஸதீன் வாசிக்கிறான். எனக்குக் கேட்கிற அளவுக்கு வாசித்தால் எதிர் மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் கேட்கும். பரவாயில்லை, எல்லாரும் நம்ம ஆட்கள்தானே.

நீ எழுதியிருந்ததை வாசித்தான். காசல்ரீ தண்ணீரில் இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும், கரையேறி அந்த ஈரத்தோடு சைக்கிளில் தொண்ணூறு கிலோமீட்டர், அதிலிருந்து இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே பகலில். கடையில் சீனி வாங்க நின்ற ராசம்மா கேட்டாள்: "ஏன், யாரு அவளத் தொரத்துறாங்க?"

எனக்கும் அதே கேள்விதான். உனக்கு நாற்பத்து மூன்று வயது. கொழும்பில் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். நீ நீந்தப் போகிற தண்ணீருக்கு அடியில் தேயிலை மலையும் ரோடும் இருந்தன. அணை கட்டுவதற்கு முன்னால் அந்த ரோட்டில் நான் லொறிக் கிளீனராகப் போயிருக்கிறேன். ரோட்டுக்கு மேலே ஒருத்தி மீன் மாதிரி போவாள், அவள் என் தம்பி அழகனின் மகளாக இருப்பாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

உன் அம்மா மீனம்மாவும் கடைக்கு வந்திருந்தாள். உப்பு வாங்க. உன் கடிதம் வருகிற நாளெல்லாம் அவளுக்கு உப்பு தீர்ந்துவிடுகிறது. வாசித்து முடிகிற வரைக்கும் உப்புப் பைகளில் நல்லதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எதற்காக இதெல்லாம் என்று எழுது.

பெரியப்பா ஆண்டியப்பன்

(இது இஸ்ஸதீன். தங்கச்சி, நீங்க எழுத்தக் கொஞ்சம் பெருசா எழுதுங்க. எனக்குக் கண்ணு மங்கல்.)


வத்தளை
21 பெப்ரவரி 2025

அன்புள்ள பெரியப்பா,

பெரிதாகவே எழுதுகிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை மட்டும் இஸ்ஸதீன் நானாவை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்டீர்கள். ஆறு வருடத்துக்கு முன் நான் கணவரை விட்டுவிட்டு ஒரு பையோடு லயத்து வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா திரும்பிப் போகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். தனியாக இருந்துகொள்வேன் என்றேன். அப்போது அம்மா சொன்னது நான்கு பக்கமும் கேட்டது: "நீயா? நாலு பேரு தாங்காம நீ ஒரு நாளும் நிக்க மாட்ட." அன்றைக்குப் பையை எடுத்தவள்தான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே இல்லை.

பெரியப்பா, அம்மா சொன்னது பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு காலம் குத்துகிறது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் சித்தியடைய ஒரு டீச்சர் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். ஹட்டனில் படிக்க இடம் கிடைத்தது தொழிற்சங்கத் தலைவர் கொடுத்த கடிதத்தால். வேலைக்கு இன்னொருவர் சொன்னார். கல்யாணத்தை நீங்கள் எல்லாரும் சேர்ந்து செய்து வைத்தீர்கள். நான் மட்டுமே செய்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

முப்பத்தெட்டு வயதில் நீச்சல் பழகினேன். குளத்தில் என்னோடு பழகியவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள். பிறகு சைக்கிள். பிறகு ஓட்டம். இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: எட்டரை மணித்தியாலம் ஒருவரும் கூட வர முடியாது. வெளியாள் யாரும் எனக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. தண்ணீர், சாப்பாடு, துணி, ஒன்றும் கூடாது. கொடுத்தால் விலக்கிவிடுவார்கள். முடித்துவிட்டேன் என்றால் அது முழுக்க நான் முடித்தது.

மார்ச் 16, ஞாயிறு. சைக்கிள் பாதை நோர்வூட் வந்து போகவந்தலாவைப் பக்கம் போய்த் திரும்பி, நம்ம ஒன்பதாம் கட்டை ஏற்றத்தில் ஏறுகிறது. பாதையைப் படத்தில் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தை மாதம் ஒரு ஞாயிறு வந்து ஏறிப் பார்த்தேன். உங்களிடம் வரவில்லை, மன்னியுங்கள். சின்னப் பாலம் வரை வந்து காலை ஊன்றிவிட்டேன். அதற்கு மேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் தோற்றால் அந்த இடத்தில்தான் தோற்பேன்.

உங்கள் பூரணி


ஒன்பதாம் கட்டை
2 மார்ச் 2025

மகள் பூரணிக்கு,

மெதுவாக வாசிக்கச் சொன்னேன். மெதுவாகத்தான் வாசித்தான். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். அப்போது ஊருக்கே கேட்டுவிட்டது. என்ன செய்வது?

தை மாதம் வாசல் வரைக்கும் வந்து, சொல்லாமல் போயிருக்கிறாய். அதைக் கேட்டு எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி இறங்கவில்லை. இனிமேல் அப்படிச் செய்யாதே. உன் அம்மாவோடு பேச்சு இல்லை என்றால் பக்கத்து வாசல், என் காம்பராவுக்கு வா. நடுவில் ஒரு சுவர்தான், ஆனாலும் சுவர் இருக்கிறதுதானே.

அந்த ஏற்றத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ அதில் நடந்து வளர்ந்தவள். முப்பத்தொரு வருஷம் அதில் கொழுந்து லொறி ஏற்றியிருக்கிறேன். பாலத்தில் முதலாம் கியரைப் போட்டால் கோயில் வளைவு வரைக்கும் வேறு கியரைத் தொட முடியாது. அதில் ஒரு மனுஷி தன் காலால் மிதித்து ஏறுவது என்றால், எனக்கு நினைக்கவே முழங்கால் வலிக்கிறது.

நீ எழுதிய சட்டத்தை எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. ராசம்மா கேட்டாள்: "இஞ்சித் தேத்தண்ணி ஒரு மொடக்குகூடவா?" கூடாது என்றேன். "தேசிக்காய்?" கூடாது. "அப்ப பாத்துக்கிட்டே நிக்கணுமா? என்ன கொடுமக்காரப் போட்டி இது?" கடைசியில் கோயில் பூசாரி ஆரத்தி எடுக்கலாமா என்று கேட்டார். நெருப்பைக் கொடுப்பதும் கொடுப்பதுதான் என்று இஸ்ஸதீன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

பயப்படாதே. ஒரு சொட்டுத் தண்ணீர் உன் பக்கம் வராது. அதற்கு நான் பொறுப்பு.

உன் அம்மா அன்றைக்கு உப்பை எடுக்காமலே போய்விட்டாள்.

பெரியப்பா


வத்தளை
18 மார்ச் 2025

பெரியப்பா,

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு பேசாமல் இருக்கிறேன்.

தண்ணீர் ஐஸ். ஐம்பத்திரண்டு நிமிடத்தில் கரையேறினேன், நினைத்ததைவிட நல்ல நேரம். எழுபது கிலோமீட்டர் வரை சைக்கிளும் நன்றாகத்தான் போனது. பாலத்துக்கு வரும்போது கால் இரண்டும் விறகு மாதிரி ஆகிவிட்டன. தலையைத் தூக்கவில்லை. முன் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு முழம் தார் மட்டும்தான் தெரிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பது செருப்புகளைப் பார்த்துத் தெரிந்தது. தை மாதம் கால் ஊன்றிய இடத்தைத் தாண்டினேன். தாண்டிவிட்டேன், பெரியப்பா. முன் சக்கரம் இரண்டு பக்கமும் ஆடியது, ஆனால் விழவில்லை.

அப்போது பின்னால் ஒரு கை. பிறகு பத்துக் கை. "ஏலேலோ" என்று சத்தம். சைக்கிள் பறந்தது. நான் "வேணாம், விடுங்க, விடுங்க" என்று கத்தினேன். கத்துவதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். கோயில் வளைவில் நடுவர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். சிவப்பு அட்டையைக் காட்டினார். என் நம்பரைக் கழற்றச் சொன்னார். பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஜெயித்துவிட்டேன், அதற்குத்தான் அட்டை கொடுக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

வேனில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

முடிவுப் பட்டியலில் என் பெயர் இல்லை. அம்மா அன்றைக்குச் சொன்னது ஊரறிய உண்மையாகிவிட்டது. நாலு பேர் தாங்காமல் நிற்க மாட்டேன்.

பூரணி


ஒன்பதாம் கட்டை
24 மார்ச் 2025

மகள் பூரணிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வாசிக்கவில்லை. இஸ்ஸதீன் கடையைப் பூட்டிவிட்டு, தேயிலைக்குள்ளே கூட்டிக்கொண்டு போய், ஒரு கல்லில் உட்கார வைத்து வாசித்தான். அதை முன்னமே செய்திருக்க வேண்டும். குற்றம் என்னுடையது. நீ அந்த இடத்தில்தான் தோற்பேன் என்று எழுதியதை ஊர் முழுக்கக் கேட்க வைத்தது நான்தான். மன்னித்துக்கொள் என்று என் வயதில் சொல்வதற்கு நாக்கு வராது. வரவைத்துச் சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

இனி எங்கள் பக்கத்தையும் கேள். எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதினாய். நாங்கள் கொடுக்கவில்லை. இஸ்ஸதீன் பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தான், ஜேபியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டே நின்றான். ராசம்மா பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து, உன் கண்ணில் படக் கூடாது என்று எல்லாவற்றையும் தானே குடித்துவிட்டாள். அந்த அளவுக்குச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றோம்.

ஆனால் தள்ளுவது? மகளே, தள்ளுவதை ஓர் உதவி என்று இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஏற்றத்தில் நின்றுபோன எதையும் தள்ளாமல் கடந்து போகிற பழக்கம் நம்மிடம் இல்லை. கொழுந்து லொறி, அம்புலன்ஸ், கோயில் தேர், சிவனொளிபாதமலைக்குப் போய் வழி தவறிய பஸ், வெள்ளைக்காரர்களின் வேன், எல்லாவற்றையும் தள்ளியிருக்கிறோம். போன வருஷம் ஐஸ்கிரீம் வண்டி ஒன்றை, அந்தப் பாட்டு நிற்காமல் பாடிக்கொண்டிருக்கத் தள்ளினோம். யாருடையது என்று கேட்பதில்லை. உள்ளே இருப்பவன் நல்லவனா என்று கேட்பதில்லை. நின்றால் தள்ளுவது, ஏறினால் வேலைக்குத் திரும்புவது. அப்படித்தான் காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிறவர்கள் பாதி வழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளுவார்கள், வேலை வாங்குகிற கண்டாக்கு ஏசினாலும்.

உன் முன் சக்கரம் ஆடியதை எல்லாரும் பார்த்தோம். நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். என் கை கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழும்ப முடிந்திருந்தால் நானும் வந்திருப்பேன். பொய் சொல்லி என்ன?

சிவப்பு அட்டையைப் பரிசு என்றுதான் நினைத்தார்கள். நீ வேனில் ஏறிப் போனதும், ராசம்மா "பரிசு வாங்கப் போறா" என்றாள். இஸ்ஸதீன்தான் சரியாக விளங்கிக்கொண்டவன். அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு விளங்கியது. அன்றைக்கு யார் வீட்டிலும் சமைத்ததாகத் தெரியவில்லை.

உன் அம்மாவைப் பற்றி நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரியப்பா


வத்தளை
3 ஏப்ரல் 2025

அன்புள்ள பெரியப்பா,

ஐஸ்கிரீம் வண்டி வரும் வரை கோபமாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை. ஆசிரியர் அறையில் தனியாக இருந்து சிரித்ததை மற்ற டீச்சர்மார் பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதைப் படித்தது எனக்கு அந்த ஏற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒன்று சொல்லவில்லை. சிவப்பு அட்டையைக் காட்டுவதற்கு முன் நடுவர் என்னைப் பார்த்து, சிங்களத்தில் "நங்கி, மே கவுத?" என்று கேட்டார். இவர்கள் யார் என்று. தெரியாது என்று சொல்லியிருந்தால், ஒருவேளை, எனக்குச் சம்பந்தம் இல்லாதவர்கள் செய்தது என்று விட்டிருப்பார். நேரத்தில் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் வாயில் வந்தது "அபே மினிஸ்ஸு". எங்கள் ஆட்கள். அவர் அட்டையை எடுத்தார்.

ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது.

வலிப்பது வேறு. கோயில் வளைவுக்கு இன்னும் நூற்றைம்பது மீட்டர் இருந்தது. ஏறியிருப்பேனா, விழுந்திருப்பேனா, எனக்கே தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. அம்மாவுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன், அது பாதியிலேயே நின்றுவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. கோபத்தில் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பத்துக் கை ஒன்றாக வரவில்லை. முதலில் ஒரு கைதான் வந்தது. முதுகில் பட்டது, சட்டியில் சுட்டது மாதிரி உடனே எடுத்தது. நான் இன்னும் இரண்டு மிதி மிதித்தேன். பிறகு அதே கை மறுபடி வந்து, இந்தத் தடவை எடுக்காமல், அழுத்தியது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளினார்கள். அந்தக் கை மட்டும் என்னைத்தான் தள்ளியது.

நீங்கள் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு மறப்பது கிடையாது. முதலில் கை வைத்தது யார்? பெயரை எழுதி அனுப்புங்கள்.

நானா இதைக் கடையிலேயே வாசிக்கட்டும். பரவாயில்லை.

உங்கள் பூரணி


ஒன்பதாம் கட்டை
9 ஏப்ரல் 2025

மகள் பூரணிக்கு,

நீ சொன்னபடி கடையிலேயே வாசித்தான். முடித்ததும் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

பெயரைச் சொல்ல மாட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறேன். நான் மட்டுமில்லை, அன்றைக்கு அங்கே நின்ற எல்லாரிடமும் அந்த ஆள் சத்தியம் வாங்கியிருக்கிறது. இஸ்ஸதீனிடம் மாரியம்மன் செல்லாது என்று அவனைத் தனியாக அல்லாஹ்வின் பெயரில் சொல்ல வைத்தது. ஆகவே நான் சொன்னாலும் அவன் எழுத மாட்டான்.

ஆனால் இன்னொரு நாள் அதே இடத்தில் தள்ளியவர்களின் பெயரைச் சொல்வதற்குத் தடை இல்லை. அதைச் சொல்கிறேன், கேள்.

மட்டக்களப்பைப் புயல் அடித்துத் துடைத்த கார்த்திகை போய், அடுத்த தை. கொழும்பில் டெலிவிசன் என்று ஒன்று வரப்போகிறதாம், அதில் ஆட்கள் பெட்டிக்குள்ளே நடப்பார்களாம் என்று பேசிக்கொண்டிருந்த வருஷம். உடப்புசல்லாவையிலிருந்து ஒரு கல்யாண லொறி வந்தது. ஸ்டியரிங்கில் நான். பின்னால் மாப்பிள்ளை, பெண், சொந்தக்காரர்கள், பாத்திரம், பாய், ஒரு தையல் மெஷின். காலையில் பெய்த மழை. பாலத்தைத் தாண்டியதும் பின் சக்கரம் சுழன்றது, வண்டி நின்றது.

எல்லாரும் இறங்கினார்கள். இறங்கிச் சண்டை பிடித்தார்கள். பெண் வீட்டார் இது மாப்பிள்ளை வீட்டு வண்டி, நீங்கள்தான் தள்ள வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் உங்கள் பாத்திரம்தான் பாரம் என்றார்கள். கருப்பையா கங்காணி டிராக்டருக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அரை மணித்தியாலம் போயிற்று. நான் பிரேக்கை மிதித்த காலை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என்னால் கண்ணாடியில் பார்க்கத்தான் முடிந்தது.

கண்ணாடியில் பார்க்கிறேன், பெண் லொறியிலிருந்து குதிக்கிறாள். கூறைச்சேலை, கழுத்தில் மாலை. "ஏய், பொண்ணு எறங்கக் கூடாது!" என்று கூட வந்த பெண்கள் கத்துகிறார்கள். அவள் சொன்னது முன்னால் இருந்த எனக்குக் கேட்டது, அப்போது எனக்கு இரண்டு காதும் இருந்தன: "வண்டிக்கு என்ன தெரியும் நான் பொண்ணுன்னு? பாரம் பாரந்தான்." சொல்லிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு லொறியில் கையை வைத்தாள். மாப்பிள்ளையைப் பார்த்து வெட்கப்பட்டு ஒரு தடவை கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அப்புறம்தான் மற்றவர்களுக்கு ரோசம் வந்தது. எட்டுப் பேர் தள்ளினார்கள். எட்டுப் பேரையும் எனக்குத் தெரியும்.

கருப்பையா கங்காணி, கோட்டைக் கழற்றாமலே தள்ளினார். சுனாமி வந்த கிழமை செத்தார், நாடே அழுதுகொண்டிருந்ததால் அவருக்கென்று தனியாக யாரும் அழவில்லை. சின்னத்தம்பியும் அவன் பெண்சாதி செல்லாயியும். இந்தியாவுக்குப் போகும் கப்பலில் ஏறிக் கோத்தகிரியில் இருந்தார்கள், ஒருவர் பின் ஒருவராகச் செத்த சேதியோடு இரண்டு கடிதம் வந்தது, அதற்குப் பிறகு வரவில்லை. மேளம் அடிக்க வந்த முனியாண்டி, தோளில் மேளத்தோடு தள்ளினான். வவுனியாவில் காய்ச்சலில் போனான். அப்துல் காதர், இஸ்ஸதீனின் வாப்பா. ஒரு கையில் குடை, ஒரு கையால் தள்ளினார். இதை எழுதும்போது இஸ்ஸதீன் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். கீழ்க் கிராமத்துப் பியதாச, மாட்டை ஒரு மரத்தில் கட்டிவிட்டு ஓடி வந்தான். கொரோனாவில் போனான், பெட்டியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. மாப்பிள்ளை, என் தம்பி அழகன், உன் அப்பா. அவன் போனது உனக்குத் தெரியும்.

ஏழு பேர் ஆயிற்று. எட்டாவது, எல்லாருக்கும் முன்னால் கை வைத்த அந்தப் பெண். அவள் ஒருத்திதான் இன்னும் உயிரோடு இருக்கிறாள். மீனம்மா.